ஒப்பீட்டுக் குழுவும் அறமும்: பல சிகிச்சைகளை ஒப்பிடும் புள்ளியியல் முறை எழுப்பும் வினாக்கள்

முன்னுரை

ஒரு நோய்க்கு மூன்று தடுப்பு முறைகள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றுள் எது பயன் தரும், எது தராது என்பதை அறிய வேண்டும். மூன்று முறைகளையும் மூன்று குழுவினருக்கு அளித்து, அவற்றுள் எதனையும் பெறாத நான்காம் குழுவினரோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுக் காண்பதே அறிவியல் கூறும் வழி. முதல் மூன்று குழுவினரும் ஏதோ ஒன்றைப் பெறுகின்றனர். நான்காம் குழுவினர் எதனையும் பெறுவதில்லை. ஆயினும் அவர்கள் இல்லாமல் மற்ற மூவரைப் பற்றி ஒரு சொல்லும் உறுதியாகச் சொல்ல இயலாது. அறிவுக்கு அடித்தளமாக நிற்கும் இவர்களை அவ்வாறு நிறுத்திவைப்பது எப்போது அறமாகும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. மராட்டிய மாநிலத்தின் மும்பையிலும் உசுமானாபாத்திலும், தமிழ்நாட்டின் திண்டுக்கல்லிலும் நடைபெற்ற கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினா ஆராயப்படுகிறது.

1. சொல்லும் பொருளும்

மேற்குறித்த நான்காம் குழுவைத் தமிழில் பெரும்பாலும் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று வழங்குகிறோம். கட்டுப்பாடு என்னும் சொல் நம் வழக்கில் ஊர்க்கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு என அடக்கி நிறுத்துதலைக் குறிக்கும். இதன் ஆங்கில மூலச் சொல்லோ, ஒரு கணக்கைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த எதிர்ப்பதிவேட்டைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதில் அடக்குதல் என்பது பின்னர் வந்து சேர்ந்த பொருளேயாகும். ஆகவே 'ஒப்பீட்டுக் குழு' என்பதே கருத்துக்குப் பொருந்திய சொல். இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது. எனினும் பிழைபட்ட மொழிபெயர்ப்பும் சில வேளைகளில் ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். ஊர்க்கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவர் ஊருக்குள்ளேயே இருந்தும் ஊருக்குக் கிடைப்பது கிடைக்காதவராக இருந்தார். ஒப்பீட்டுக் குழுவினரின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கு கூறுகளாகப் பகுத்து முடிகிறது. ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவருக்கு இந்நான்கனுள் எங்கும் இடமில்லை. அவர் இன்னும் நோயுறவில்லை. அவருக்கு மருந்து தரப்படவில்லை. அவரைப் பேணுவோரும் எவருமிலர். அவர் ஓர் அளவுகோலாக மட்டும் அங்கே இருக்கிறார். நடுவுநிலைமை அதிகாரம் சான்றோருக்குத் துலாக்கோலை உவமையாக்குகிறது. துலாக்கோலின் ஒரு தட்டில் பொருளும் மறுதட்டில் எடைக்கல்லும் வைக்கப்படும். மருத்துவ ஒப்பீட்டில் அந்த எடைக்கல்லின் இடத்தில் மனிதர் வைக்கப்படுகின்றனர். இந்த அறச்சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

2. டன்னெட் வகுத்த முறை

பல சிகிச்சைகளை ஒரே ஒப்பீட்டுக் குழுவோடு ஒப்பிடுவதற்கான புள்ளியியல் முறையைச் சார்லசு டன்னெட் 1955ஆம் ஆண்டு அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அம்முறை தீர்க்க முயன்ற சிக்கலைப் பின்வருமாறு விளக்கலாம்.

ஒரு சிகிச்சையை ஒப்பீட்டுக் குழுவோடு ஒப்பிடும்போது, உண்மையில் வேறுபாடே இல்லாத நிலையிலும் தற்செயலாக வேறுபாடு இருப்பதுபோலத் தோன்றும் வாய்ப்பினை நூற்றுக்கு ஐந்து என்னும் அளவில் ஏற்றுக்கொள்வது வழக்கம். மூன்று சிகிச்சைகளைத் தனித்தனியே ஒப்பிட்டால் மூன்றனுள் ஒன்றேனும் பொய்யாகத் தோன்றும் வாய்ப்பு உயர்கிறது. மூன்று ஒப்பீடுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் அது நூற்றுக்கு 14 வரை செல்லும். பல சீட்டுகளை வாங்குபவனுக்குப் பரிசு விழும் வாய்ப்புக் கூடுவது போலப் பல சிகிச்சைகளைச் சோதிப்பவனுக்குப் பொய்யான வெற்றி கிட்டும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே ஒவ்வோர் ஒப்பீட்டிற்கும் தேவைப்படும் சான்றின் அளவை உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதே வினா.

மூன்று ஒப்பீடுகளும் ஒரே குழுவைப் பொதுவாகக் கொண்டிருப்பதால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை டன்னெட் கணக்கில் கொண்டார். பெரிய எண்ணிக்கையிலான தரவுகளில் ஒற்றை ஒப்பீட்டிற்கு 1.96 என்னும் வரம்பு போதுமெனில், மூன்று ஒப்பீடுகளுக்கு அவர் முறைப்படி அவ்வரம்பு 2.35 ஆகிறது. இச்சார்பு நிலையில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. ஒப்பீட்டுக் குழு தற்செயலாகவே இயல்புக்கு மாறான ஒன்றாக அமைந்துவிட்டால் மூன்று முடிவுகளும் ஒருசேரப் பிழைபடும். ஒரு சிகிச்சைக் குழு பிழைபட்டால் ஒரு முடிவு மட்டுமே கெடும். ஒப்பீட்டுக் குழுவின் மீது முழு ஆய்வின் பாரமும் தங்கியுள்ளது என்பதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. சிகிச்சைகளின் எண்ணிக்கை எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு, ஒவ்வொரு சிகிச்சைக் குழுவையும் விட ஒப்பீட்டுக் குழு பெரிதாக இருந்தால் ஒப்பீடு மிகத் துல்லியமாகும். ஓராயிரம் பேரை மூன்று சிகிச்சைகளுக்கும் ஒப்பீட்டிற்கும் சமமாகப் பகுத்தால் குழுவுக்கு 250 பேர். மேற்கூறிய விதிப்படி பகுத்தால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஏறத்தாழ 211 பேரும் ஒப்பீட்டுக் குழுவுக்கு 366 பேரும் அமைவர். நான்கு சிகிச்சைகள் எனில் மூவருள் ஒருவர் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பார். துல்லியம் என்னும் நோக்கம் ஒன்றையே கருதினால், ஏதும் பெறாதோரின் எண்ணிக்கையைக் கூட்டுமாறு கணிதம் கேட்கிறது.

வயல் ஆய்வுகளில் இதனால் இடர் ஏதுமில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் நடந்துவரும் கோதுமை ஆய்வில் ஒரு பாத்திக்கு எரு இடப்படுவதேயில்லை. அந்தப் பாத்தி 'எனக்கு ஏன் இல்லை?' என்று கேட்பதில்லை. வயலில் வளர்ந்த முறை மனிதரிடம் வந்தபோது அக்கேள்வியும் உடன் வந்தது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. மூன்று சிகிச்சைகளுக்கும் மூன்று தனி ஆய்வுகளை நடத்தினால் மூன்று ஒப்பீட்டுக் குழுக்கள் தேவைப்படும். குழுவுக்கு 250 பேர் எனில் 750 பேர் ஏதும் பெறாதோராக இருப்பர். ஒரே ஆய்வாக நடத்தினால் 250 பேரோ 366 பேரோ போதும். ஒப்பீட்டுக் குழுவைப் பகிர்ந்துகொள்வது எண்ணிக்கைச் சிக்கனம் மட்டுமன்று. அறச் சிக்கனமும் ஆகும். கணிதத்தை அறத்திற்குப் பகை என்று கொள்வது பிழை. அது என்ன விலை கேட்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அவ்விலையை யார் கொடுப்பது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

3. மூன்று ஆய்வுகள்

கருப்பை வாய்ப் புற்றுநோய் தோன்றுமுன் பல்லாண்டுகள் அறிகுறியின்றி வளர்வது. முன்கூட்டியே சோதித்துக் கண்டறிந்தால் பெரும்பாலும் தடுக்கத்தக்கது. மேலைநாடுகளில் உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியால் ஆராயும் பாப் சோதனையின் வாயிலாக இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. அதற்கு வேண்டிய ஆய்வகங்களும் பயிற்சி பெற்றோரும் இந்தியாவில் போதிய அளவில் இல்லை. ஆகவே வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை பயன் தருமா என்னும் வினா எழுந்தது.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் குடிசைப் பகுதிகள் இருபது தொகுதிகளாகக் கொள்ளப்பட்டன. பத்துத் தொகுதிகளில் 75,360 பெண்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் சோதனை செய்யப்பட்டது. எஞ்சிய பத்தில் 76,178 பெண்கள் ஒப்பீட்டுக் குழுவாயினர். அவர்களுக்குப் புற்றுநோய் பற்றிய அறிவுரை தொடக்கத்தில் ஒருமுறை வழங்கப்பட்டது. 2013இல் அறிவிக்கப்பட்ட முடிவின்படி, சோதனை பெற்றோரிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 31 விழுக்காடு குறைந்திருந்தது.

உசுமானாபாத் (2023 முதல் தாராசிவ்) மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய ஆய்வு நம் தலைப்புக்கு நேர் எடுத்துக்காட்டு. அங்கே 52 சிற்றூர்த் தொகுதிகளில் 1,31,746 பெண்கள் நான்கு குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மனிதப் பாப்பிலோமா வைரசுச் சோதனையும், ஒன்றுக்குப் பாப் சோதனையும், ஒன்றுக்கு வினிகர்ச் சோதனையும் அளிக்கப்பட்டன. 31,488 பெண்கள் ஒப்பீட்டுக் குழுவாயினர். 2009இல் வெளிவந்த முடிவின்படி வைரசுச் சோதனைக் குழுவில் 34 பெண்களும் ஒப்பீட்டுக் குழுவில் 64 பெண்களும் இந்நோயால் இறந்திருந்தனர். மற்ற இரு சோதனைகளாலும் இறப்புக் குறைந்ததாக நிறுவ இயலவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில் 49,311 பெண்களுக்கு வினிகர்ச் சோதனை ஒருமுறை அளிக்கப்பட்டது. 30,958 பெண்கள் ஒப்பீட்டுக் குழுவாயினர். 2007இல் வெளிவந்த முடிவு, இறப்பு 35 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்கள் 1,38,624 பேர். அவர்களுள் 254 பேர் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தனர் என்னும் செய்தி 2014ஆம் ஆண்டளவில் பெரும் விவாதத்திற்குள்ளானது. பாப் சோதனை பயனுடையது என்று உலகறிந்த பின்னர், சோதனையே இல்லாத குழுவை வைத்தது அறமன்று என்றும், பெண்களுக்கு உரிய செய்தி முழுமையாகச் சொல்லப்படவில்லை என்றும் எதிர்ப்பாளர் வாதிட்டனர். இந்நாட்டில் அப்பெண்களுக்கு எந்தச் சோதனையும் நடைமுறையில் இல்லை, ஆய்வு எதனையும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை, ஏழை நாட்டில் எது இயலும் என்பதை அறிய இதுவே வழி என்று ஆய்வாளர் தரப்பு விடையிறுத்தது. இரு தரப்பையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இவற்றை எடைபோட மூன்று அளவுகோல்கள் தேவை எனத் தோன்றுகிறது.

4. முதல் அளவுகோல்: மெய்யான ஐயம்

எது நல்லது என்பதில் அறிவுடையோரிடையே மெய்யான ஐயம் நிலவும்போதுதான் ஒப்பீடு அறமாகும். ஐயமில்லாத இடத்தில் ஒப்பிடுவது கொடுமை. ஐயமுள்ள இடத்தில் ஒப்பிடாதிருப்பதும் குற்றமே என்பதை நாம் பெரிதும் மறந்துவிடுகிறோம்.

2020 ஏப்ரலில் தாராவி, வொர்லி குடிசைப் பகுதி மக்களுக்குக் கொரோனா வராமல் தடுக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைப் பரவலாக வழங்கும் திட்டத்தை மும்பை மாநகராட்சி முன்வைத்துப் பின்னர் நிறுத்திவைத்தது. எல்லோருக்கும் கொடுப்பது அருளுடைமை போலத் தோன்றும். ஆனால் பயன் அறியப்படாத மருந்தை ஒப்பீடின்றி எல்லோருக்கும் கொடுப்பதும் ஓர் ஆய்வே. அதிலிருந்து எவரும் எதனையும் கற்க இயலாது என்பது மட்டுமே வேறுபாடு. அதே காலத்தில் பிரித்தானியாவில் நடந்த ஓர் ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளிடம் பல மருந்துகளை ஒரே ஒப்பீட்டுக் குழுவோடு ஒப்பிட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்றோர் 1,561 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோர் 3,155 பேர். அம்மருந்து அவர்களின் இறப்பைக் குறைக்கவில்லை என்பது தெளிவாயிற்று. டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான பழைய மருந்தோ கடும் நோயாளிகளின் உயிரைக் காத்தது. இங்கே ஒப்பீட்டுக் குழுவில் இருந்தோர் ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பெறாததால் இழந்தது ஒன்றுமில்லை. டெக்சாமெத்தசோனைப் பெறாததால் சிலர் உயிரையே இழந்தனர். முன்கூட்டியே எவரும் அறியாத ஒன்று இது.

மும்பையிலேயே மற்றொரு சான்றும் உண்டு. தாராவியை உள்ளடக்கிய ஜி வடக்கு, மாட்டுங்காவை உள்ளடக்கிய எஃப் வடக்கு, செம்பூரை அடுத்த எம் கிழக்கு முதலிய ஆறு வட்டங்களின் 48 குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2009 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. பெண்கள் குழுவாகக் கூடிப் பேறுகாலப் பாதுகாப்பைப் பற்றி உரையாடினால் பச்சிளங்குழந்தைகளின் இறப்புக் குறையுமா என்பதே அதன் வினா. வேறு ஊர்களில் பயன் தந்த அம்முறை இங்கே எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நன்மை உறுதி என்று நினைத்து ஒப்பீட்டை விட்டிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

புற்றுநோய் ஆய்வுகளை இவ்வளவுகோலால் நோக்கும்போது கடினமான இடம் 2007க்குப் பிந்தைய காலமே. திண்டுக்கல் முடிவு பயன் உண்டு என்றது. ஈராண்டு கழித்து உசுமானாபாத் முடிவு அதே வினிகர்ச் சோதனையால் இறப்புக் குறைந்ததாக நிறுவவில்லை. ஐயம் மீண்டது என்று ஒருவர் கூறலாம். ஆனால் அதே உசுமானாபாத் முடிவு, வைரசுச் சோதனை உயிர் காக்கும் என்பதில் ஐயம் இல்லாமல் செய்தது. 'வினிகர்ச் சோதனை பயன் தருமா?' என்னும் ஐயம் எஞ்சியிருந்தது. 'எந்தச் சோதனையுமே பயன் தராதோ?' என்னும் ஐயம் எஞ்சியிருக்கவில்லை. முதல் ஐயத்தைக் காட்டி இரண்டாம் ஐயம் இருப்பதாகக் கொள்ளுதல் பிழை. ஒரு சிகிச்சையைப் பற்றிய ஐயம் எல்லாச் சிகிச்சைகளையும் மறுப்பதற்கு உரிமை தராது. பல சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வில் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் இன்றியமையாதது.

5. இரண்டாம் அளவுகோல்: அறிந்து ஏறிய தட்டு

யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தேர்வது அநீதி என்று சிலர் கருதுவர். தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. செல்வாக்கும் உறவும் தலையிடாதவாறு காக்கவே சீட்டு எடுக்கப்பட்டது. கோயிலில் திருவுளச்சீட்டுப் போடும் வழக்கமும் அத்தகையதே. ஆகவே சீட்டு நடுவுநிலைமையின் கருவி.

ஆனால் குடவோலையில் குடத்துக்குள் இடப்பட்டது தனி ஒருவரின் பெயர். மேற்கண்ட ஆய்வுகளில் குடத்துக்குள் இடப்பட்டது ஒரு குடியிருப்பு அல்லது ஓர் ஊர். தங்கள் பகுதிக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்பது முடிவான பின்னரே பெண்களிடம் ஆய்வாளர் சென்றனர். சோதனை பெறும் பகுதிப் பெண் 'வேண்டாம்' என்று மறுக்கலாம். ஒப்பீட்டுப் பகுதிப் பெண் எதனை மறுப்பாள்? அவளுக்குத் தரப்படாத ஒன்றை அவள் மறுக்க இயலாது. மற்றொரு பகுதியில் என்ன தரப்படுகிறது, அதனை வேறெங்கே பெறலாம் என்று அவளுக்குச் சொன்னால் மட்டுமே அவள் ஒப்புதலுக்குப் பொருள் உண்டு. மராத்தி, இந்தி, தமிழ், உருது எனப் பல மொழி பேசுவோர் ஒரே சந்தில் வாழும் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒப்புதல் என்பது ஒருவகையில் மொழிபெயர்ப்புச் சிக்கலும் ஆகும். 'நீங்கள் ஆய்வில் பங்குபெறுகிறீர்கள்' என்னும் தொடரும் 'உங்களுக்கு இந்தச் சோதனை செய்யப்படாது. மற்றவருக்குச் செய்யப்படும்' என்னும் தொடரும் ஒன்றல்ல.

புறாவுக்காகத் துலாக்கோலில் ஏறிய சிபியின் கதை சோழர் மரபோடு இணைத்துப் போற்றப்பட்டது. கண்ணகியும் பாண்டியன் அவையில் அதனை நினைவூட்டுகிறாள். சிபியும் எடைக்கல்லாகவே ஆனான். ஆனால் தட்டில் அவனை எவரும் தூக்கி வைக்கவில்லை. எதற்காக ஏறுகிறோம் என்று அறிந்து தானே ஏறினான். மனிதரைக் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785இல் காண்ட் வகுத்த நெறியும் இங்கேயே வந்து சேர்கிறது. அறிந்து ஏறியவர் கருவியாக மட்டும் இருப்பதில்லை. அவர் ஆய்வின் பங்காளர். அறியாமல் ஏற்றப்பட்டவரே எடைக்கல்.

6. மூன்றாம் அளவுகோல்: திருப்பித் தரப்படும் கடன்

ஐயம் மெய்யானது, ஒப்புதலும் முறையானது என்று கொள்வோம். அப்போதும் ஒன்று எஞ்சுகிறது. ஒப்பீட்டுக் குழுவினரின் இழப்பினால் பெறப்பட்ட அறிவு என்ன ஆயிற்று?

மும்பை முடிவை நாடெங்கும் செயற்படுத்தினால் இந்தியாவில் ஆண்டுக்கு 22,000 இறப்புகளைத் தவிர்க்கலாம் என்று ஆய்வாளர்களே மதிப்பிட்டனர். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வினிகர்ச் சோதனை செய்யும் வழிகாட்டுதலை நடுவணரசு 2016இல் வெளியிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வைரசுச் சோதனையை முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது. அதற்குத் துணைநின்ற சான்றுகளுள் உசுமானாபாத் முடிவும் ஒன்று. ஆனால் 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் நூற்றுக்கு 1.9 மட்டுமே.

இவ்வெண்ணை ஒப்பீட்டுக் குழுவின் பக்கத்தில் நின்று நோக்குதல் வேண்டும். 'இந்நாட்டில் வழக்கமான கவனிப்பு என்பதே சோதனையின்மைதான். ஆகவே ஒப்பீட்டுக் குழுவுக்கு நாங்கள் எதனையும் மறுக்கவில்லை' என்பது ஆய்வின் தற்காப்பு. அவ்வாதம் ஆய்வு முடியும்வரை மட்டுமே செல்லும். முடிவு வெளிவந்த பின்னும் வழக்கமான கவனிப்பு மாறவில்லையெனில், நாட்டின் பெண்கள் அனைவரும் ஒப்பீட்டுக் குழுவாகவே தொடர்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை அறிவதற்கு இனி ஒன்றுமில்லை. எனவே அந்நிலைக்கு ஐயம் என்னும் நியாயமும் இல்லை. 254 பெண்களைப் பற்றிக் கொதித்தெழுந்த விவாதம், ஆய்வுக்கு வெளியே சோதனையின்றி இறந்த எண்ணற்ற பெண்களைப் பற்றி அவ்வளவு கொதிக்கவில்லை. ஆய்வுக்குள் நேர்ந்த இறப்புகள் எண்ணப்பட்டதால் கண்ணுக்குத் தெரிந்தன. எண்ணுதலே குற்றமாகவும் எண்ணாமை குற்றமற்றதாகவும் ஆகிவிடும் விந்தை இது.

முடிவுரை

டன்னெட்டின் முறை காட்டும் உண்மை இதுவே: பல சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வில் ஏதும் பெறாத குழுவே எல்லாவற்றையும் தாங்குகிறது. மிகுதியாகத் தாங்குவோருக்கே மிகுதியாகக் கடன்பட்டுள்ளோம் என்பது அதிலிருந்து பெறப்படும் அறம். அக்கடனின் முதற்கூறு, ஐயம் நீங்கியதும் ஒப்பீட்டை நிறுத்துதல். இரண்டாங்கூறு, எதற்காக நிற்கிறார்கள் என்பதை அவர்கள் மொழியில் அவர்களுக்குச் சொல்லுதல். மூன்றாங்கூறு, கிடைத்த அறிவை அவர்களுக்கும் அவர்களை ஒத்தோருக்கும் கொண்டுசேர்த்தல். முதல் இரண்டும் ஆய்வாளரின் பொறுப்பு; அவற்றைப் பற்றி நெறிமுறைக் குழுக்களும் ஆய்விதழ்களும் வேண்டிய அளவு பேசியுள்ளன. மூன்றாவது அரசும் சமூகமும் தீர்க்க வேண்டிய கடன். மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் உசுமானாபாத், திண்டுக்கல் சிற்றூர்களிலும் ஒப்பீட்டுக் குழுவாக நின்ற பெண்களுக்கு அக்கடன் பெரும்பாலும் இன்னும் தீர்க்கப்படவில்லை. எடை போட்டு முடிந்த பின்னும் எடைக்கல்லைத் தட்டிலேயே விட்டுவைத்திருப்பது நேர்மையான வணிகருக்கு அழகன்று, அறிவுலகுக்கும் அவ்வாறே.